புற்றுநோய் மருந்துகள் ஏழை நாடுகளுக்கு எட்டாதது விலையால் மட்டும்தானா?

வெண்மதி (இழையைத் தொடங்கியவர்):

உலக சுகாதார அமைப்பு 2024 தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். மனித மேம்பாட்டுக் குறியீட்டில் உச்சத்தில் இருக்கும் நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது, 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். குறியீட்டின் அடியில் இருக்கும் நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவு, சாவு அதிகம்.

2015-ல் அதே அமைப்பு இமாட்டினிப், டிராஸ்டுசுமாப், ரிடுக்சிமாப் என்ற மூன்று புற்றுநோய் மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019-ல், பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளும் வந்தன. பட்டியலில் பெயர் வந்து என்ன பயன்? பந்திக்கு இல்லாத வாழைக்காய் பந்தலில் தொங்கிய கதைதான்.

என் கருத்து நேரடியானது. விலைதான் காரணம், அந்த விலைக்குக் காவல் காப்புரிமை. இதை உடைத்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

---

சட்டப்புத்தகம்:

மறுப்பு இல்லை, ஆதாரம்தான் இருக்கிறது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்குத் தரப்படும் சோராஃபெனிப் மருந்தை பேயர் நிறுவனம் நெக்ஸாவர் என்ற பெயரில் இந்தியாவில் ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது, அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதம் இல்லாமலே அதே மருந்தைச் செய்து விற்கும் அனுமதி. நாட்கோவின் விலை மாதம் 8,880 ரூபாய். காப்புரிமை வைத்திருப்பவருக்கு விற்பனையில் 6 சதவீதம் உரிமத்தொகை, பிறகு அதை 7 ஆக்கினார்கள். பேயர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2014-ல் தோற்றது. ஆனால் அந்த ஒன்றுக்குப் பிறகு இந்தியா இன்னொரு கட்டாய உரிமம் கொடுக்கவே இல்லை. கதவைத் திறந்துவிட்டு உடனே சாத்திக்கொண்டார்கள்.

அடுத்தது இமாட்டினிப், விற்பனைப் பெயர் கிளிவெக். அந்த மாத்திரையின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால் சிகிச்சைப் பலன் கூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அது நிரூபிக்கப்படவில்லை என்று 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டின் சட்டத்தில் இருந்த ஒரு சிறு பிரிவு, அங்கிருந்து ஜெனரிக் மருந்து (அசல் நிறுவனம் அல்லாதவர்கள் செய்யும் அதே மருந்து) வாங்கும் எத்தனையோ நாடுகளுக்கும் சேர்த்து வேலை செய்தது.

---

பழையமாத்திரை:

நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். வெண்மதி அக்கா, சட்டப்புத்தகம் ஐயா, இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், அஸ்பாராஜினேஸ், ஸ்டீராய்டு. சிகிச்சையின் முதுகெலும்பே இவைதான். வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் இரண்டும் அதற்கும் முந்தியவை. இந்த அடிப்படை மருந்துகளின் காப்புரிமை எப்போதோ செத்துப்போனது. அப்படியும் பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை.

இங்கே எந்தக் காப்புரிமையை உடைப்பீர்கள்?

---

வெண்மதி:

நியாயமான கேள்வி. அப்படியானால் எது தடுக்கிறது? மலிவான மருந்தை வாங்கி வைக்க முடியாதா?

---

பழையமாத்திரை:

முடியாததற்குக் காரணமே அது மலிவாக இருப்பதுதான். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன நாடு ஒன்றில் வருடத்துக்குச் சில நூறு குழந்தைகளுக்குத்தான் இந்தச் சிகிச்சை தேவைப்படும். அவ்வளவு குப்பிகளுக்கு டெண்டர் விட்டால் பெரிய தயாரிப்பாளர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்த நாட்டில் மருந்தைப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், ஆவணம் தர வேண்டும். இதெல்லாம் போக லாபம் என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே யாரும் பதிவு செய்வதில்லை. பதிவு இல்லாததால் அவசர அனுமதியில் இடைத்தரகர் ஒருவர் கொண்டுவருகிறார். அவர் வைத்ததுதான் விலை, அவர் கொண்டுவந்ததுதான் தரம். இப்படித்தான் ஏழை நாடு பல நேரம் அதே பழைய மருந்துக்கு மற்ற இடங்களைவிட அதிகம் கொடுக்கிறது.

அப்புறம் தொடர்ச்சி. இந்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் ஓடும். நடுவில் ஒரு மருந்து சில வாரம் இல்லை என்றாலும் கணக்கு கெடும். 'மருந்து கிடைக்கிறதா' என்று கேட்டால் அமைச்சகம் கிடைக்கிறது என்றுதான் சொல்லும். எல்லா மாதமும் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வின்கிரிஸ்டினும் அஸ்பாராஜினேஸும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கிடங்கில் மின்சாரம் போனால் குப்பி இருக்கும், மருந்து இருக்காது.

---

எதிர்க்கட்சி:

நல்லவேளை, ஒருவராவது நிறுவனங்களைத் திட்டாமல் எழுதினார். ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிறவன் எங்கிருந்து எடுப்பான்? பத்து மூலக்கூறு ஆய்வுக்குப் போனால் ஒன்பது தேறாது. தேறிய ஒன்றில்தான் எல்லாச் செலவையும் எடுக்க வேண்டும். விலையை உடைத்தால் இன்று இருக்கும் மருந்து கிடைக்கும், நாளைக்கு வர வேண்டிய மருந்து வராது. இதை யாரும் பேசுவதில்லை.

---

சட்டப்புத்தகம்:

பேசியிருக்கிறார்கள். புற்றுநோய் மருந்துகளின் விலை பற்றி உலக சுகாதார அமைப்பு 2018-ல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. தோற்ற மருந்துகளின் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆராய்ச்சியில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 14.50 டாலர் விற்பனை வருமானம் வந்திருந்தது. பெம்ப்ரோலிசுமாப் ஒன்று மட்டும் 2023-ல் சுமார் 2,500 கோடி டாலருக்கு விற்றது. இதில் நடுத்தர வருமான நாடுகளுக்கு விலையைக் குறைத்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

---

எதிர்க்கட்சி:

விற்பனை வருமானம் என்பது லாபம் அல்ல. தயாரிப்பு, விற்பனைச் செலவு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. சரி, அதை விடுங்கள். ஏழை நாட்டுக்கு ஏழை விலை, பணக்கார நாட்டுக்குப் பணக்கார விலை என்பதை நானே ஏற்கிறேன். அது ஏன் நடப்பதில்லை தெரியுமா? பல அரசாங்கங்கள் பக்கத்து நாடுகளின் விலையைப் பார்த்துத் தங்கள் விலையை நிர்ணயிக்கின்றன. ஓரிடத்தில் குறைத்தால் அந்த எண் இன்னோரிடத்தில் மேசைக்கு வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் பட்டியல் விலையை எங்கும் ஒரே உயரத்தில் வைத்துவிட்டு, தள்ளுபடியை ரகசியமாகத் தருகிறார்கள்.

---

வெண்மதி:

அந்த ரகசியம் யாருக்கு உதவுகிறது என்பதுதான் என் கேள்வி. பேரம் பேசத் தனிக் குழு வைத்திருக்கும் நாட்டுக்கு நல்ல தள்ளுபடி. இங்கிலாந்தில் மருந்து விலைக்கு ஏற்ற பலன் தருகிறதா என்று பார்க்கும் நைஸ் என்ற அமைப்பு, நோயாளி நல்ல உடல்நிலையில் கூடுதலாக வாழும் ஒரு வருடத்துக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற வரம்பை வைத்துக்கொண்டு பல வருடம் பேரம் பேசியிருக்கிறது. அப்படி ஒரு குழுவே இல்லாத நாட்டுக்குப் பட்டியல் விலையோ அதற்குக் கொஞ்சம் கீழோதான் கிடைக்கும். பக்கத்து நாடு என்ன கொடுத்தது என்று தெரியாமல் எப்படிப் பேரம் பேசுவது? 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை விலை வெளிப்படைத்தன்மைக்கு ஒரு தீர்மானம் போட்டது. அது கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல என்பதால் கையெழுத்தான ரகசிய ஒப்பந்தங்கள் ரகசியமாகவே இருக்கின்றன.

---

இரவுப்பணி:

புற்றுநோய் வார்டில் செவிலியர் நான். விலைச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அதை எல்லாரும் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

டிராஸ்டுசுமாப் எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் வேலை செய்யாது. கட்டியில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் தருவதற்கு முன் பிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2000-களின் தொடக்கத்திலிருந்து நோவார்ட்டிஸும் மேக்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து பல நாடுகளில் கிளிவெக்கை இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம். மருந்து இலவசம், பரிசோதனை இல்லை என்றால் அந்த இலவசம் யார் கைக்கும் வராது.

டாமாக்சிஃபென் பற்றிச் சொல்கிறேன். மிக மலிவான, பழைய மாத்திரை. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இருக்கும் மார்பகப் புற்றுநோயில் உயிர் காக்கும். அறுத்தெடுத்த திசுவை உடனே, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில், சரியான நேரத்துக்கு ஊறவைக்க வேண்டும். மணிக்கணக்கில் சும்மா கிடந்தாலோ, ஃபார்மலின் போதாமல் இருந்தாலோ ஏற்பி அழிந்து, பரிசோதனை 'இல்லை' என்று காட்டும். உண்மையில் அது இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மாத்திரை எழுதப்படாது. இந்த இழப்பு விலைப் புள்ளிவிவரம் எதிலும் வராது. ஃபார்மலின் புட்டியில் நேரம் எழுதி ஒட்டாததால் போன உயிர் அது.

கதிர்வீச்சைத் தொடவே இல்லை நான். ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கருவிகூட இல்லை என்றுதான் சர்வதேச அணுசக்தி முகமை 2022-ல் தனித் திட்டமே தொடங்கியது.

---

கடலோரம்:

தரம் பற்றிப் பேசினீர்களே, பழையமாத்திரை அண்ணா. 2025-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு ஆய்வு வந்தது. எத்தியோப்பியா, கென்யா, மலாவி, கேமரூன் நான்கு நாடுகளிலிருந்து எடுத்த புற்றுநோய் மருந்து மாதிரிகளில் சுமார் 17 சதவீதம் தேறவில்லை. குப்பியில் எழுதியிருந்த அளவுக்கு உள்ளே மருந்து இல்லை, அல்லது கூடுதலாக இருந்தது. இதைப் படித்த பிறகு ஜெனரிக் என்றாலே பயமாக இருக்கிறது.

---

பழையமாத்திரை:

தம்பி, பயப்பட வேண்டிய இடம் வேறு. ஜெனரிக் என்பதால் தேறாமல் போகவில்லை. கடுமையாகச் சோதிக்கும் நாடுகளும் வாங்குவது பெரும்பாலும் ஜெனரிக்தான். சோதிப்பவர் இருந்தால் நல்லது வருகிறது, இல்லாத இடத்துக்கு எது வேண்டுமானாலும் வருகிறது. வலி மாத்திரை போலி என்றால் நோயாளியே சொல்லிவிடுவார். கீமோ குப்பியில் மருந்து பாதிதான் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நோய் திரும்பினால் நோயின் மீதுதான் பழி விழும்.

டிராஸ்டுசுமாப்பின் பயோசிமிலர் (உயிரி மருந்துக்கு இணையாக வேறொருவர் செய்வது) ஒன்றுக்கு உலக சுகாதார அமைப்பு முதல்முறையாக, தரம் பார்த்துத் தரும் முன்தகுதிச் சான்றைக் கொடுத்தது 2019 டிசம்பரில். மலேரியா, எச்ஐவி மருந்துகளுக்கு இந்த ஏற்பாடு ரொம்ப காலமாக உண்டு. புற்றுநோய்க்கு அது தாமதமாக வந்தது, அந்தத் தாமதம்தான் எனக்குக் கோபம்.

---

கடலோரம்:

இன்னொரு விஷயம். நிவோலுமாப்பைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவில் கொடுத்தாலும் வேலை செய்கிறது என்று மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வு ஒன்று சொல்கிறதாமே. அப்படியானால் விலைப் பிரச்சினையே தீர்ந்ததே? எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

---

நெறியாளர்:

கடலோரம், உங்கள் வீட்டவருக்கான முடிவை அவருடைய மருத்துவரோடு பேசுங்கள். இங்கே யாரும் அளவு சொல்ல வேண்டாம். ஆய்வைப் பற்றிப் பொதுவாகப் பேசத் தடையில்லை.

---

இரவுப்பணி:

பொதுவாகவே சொல்கிறேன். அந்த ஆய்வு 2022-ல் வெளியானது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வாய்வழி மருந்துகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். பெரிய வித்தியாசம்தான்.

ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். நிவோலுமாப் இல்லாத சிகிச்சையோடுதான், முழு அளவோடு அல்ல. ஆகவே சிறு அளவு 'ஒன்றுமில்லாததைவிட' நல்லது என்பது நிரூபணம். முழு அளவுக்குச் சமம் என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல.

---

வெண்மதி:

இதில் எனக்கு ஒரு நெருடல். ஏழைக்குச் சிறு அளவு, பணக்காரருக்கு முழு அளவு என்று இரண்டு தர மருத்துவத்தை நாமே நியாயப்படுத்துகிறோமா?

---

இரவுப்பணி:

அந்த நெருடல் வார்டில் நிற்காதவரைதான் அக்கா. முழு அளவை வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு முன்னால் இருக்கும் தேர்வு சிறு அளவா, இல்லவே இல்லையா என்பதுதான்.

அதோடு, முழு அளவு என்று எழுதப்பட்டிருப்பது மட்டும் சரியான அளவு என்று யார் சொன்னது? புது மருந்துகளின் அளவு பல நேரம் 'தாங்கக்கூடிய அதிகபட்சம்' என்ற முறையில் முடிவாகிறது, போதுமான குறைந்த அளவு எது என்று தேடி அல்ல. பணக்கார நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். இங்கிலாந்தின் பெர்செஃபோனே ஆய்வு, 2019. ஹெர்2 உள்ள சுமார் 4,000 பெண்கள். டிராஸ்டுசுமாப் 12 மாதத்துக்குப் பதில் 6 மாதம் தந்தாலும் பலன் குறையவில்லை, இதயப் பாதிப்பும் குறைவு. அரசுப் பணத்தில் நடந்தது. தன் மருந்தைப் பாதியாக விற்க வழி தேடும் ஆய்வுக்கு எந்த நிறுவனம் பணம் போடும்?

---

எதிர்க்கட்சி:

இதை நான் மறுக்க மாட்டேன்.

---

இரவுப்பணி:

வந்த வேகத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மார்பீன். புற்றுநோய் மருந்து என்று யாரும் இதை எண்ணுவதில்லை, ஆனால் முற்றிய நிலையில் வருபவர்களுக்கு வேறு எந்த மருந்தையும்விட இதுதான் தேவை. வலி நிவாரணம் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-ல் சொன்னது: வருடத்துக்கு உலகம் முழுவதும் விநியோகமான 298.5 டன் மார்பீன் வகை வலிநிவாரணியில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். நூறு கிலோ! காப்புரிமை இல்லை. விலை அற்பம். அதே ஆணையத்தின் கணக்கில் இந்த இடைவெளியை அடைக்க, குறைந்த விலையில் வாங்கினால் வருடத்துக்கு 14.5 கோடி டாலர் போதும். தடுப்பது போதைப்பொருள் சட்டம், அடுக்கடுக்கான உரிமம், அடிமையாகிவிடுவார் என்ற மருத்துவர்களின் பயம்.

உகாண்டா இதைத் தாண்டிவந்தது. 1993-ல் அங்கே தொடங்கிய ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா, பொடி மார்பீனைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுத்தது. பிறகு அரசே இலவசமாகத் தந்தது, பயிற்சி பெற்ற செவிலியர்களே எழுதிக்கொடுக்கச் சட்டத்தில் இடம் செய்தது. பணக்கார நாடு அல்ல அது.

---

எதிர்க்கட்சி:

அப்படியானால் இழையின் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று ஆகிவிட்டது. விலை மட்டும் இல்லை.

அமெரிக்காவே 2023-ல் சிஸ்பிளாட்டின் என்ற பழைய கீமோ மருந்து இல்லாமல் தவித்தது நினைவிருக்கிறதா? இந்தியாவில் ஒரே ஒரு தொழிற்சாலையில் ஆய்வில் குறை கண்டு உற்பத்தி நின்றது, அமெரிக்க மருத்துவமனைகள் யாருக்குக் கொடுப்பது என்று பங்கு போட்டன. அதற்கு நான்கு வருடம் முன்பு வின்கிரிஸ்டினிலும் இதே நிலை, அமெரிக்காவுக்கு விற்ற இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவர் விலகியதால். விலையை ரொம்ப நசுக்கினால் செய்பவனே இருக்க மாட்டான்.

---

பழையமாத்திரை:

அந்த 2023 தட்டுப்பாட்டில் அமெரிக்கா என்ன செய்தது? தன் நாட்டில் அனுமதி பெறாத மருந்தைச் சீனத் தயாரிப்பாளரிடமிருந்து தற்காலிகமாக இறக்குமதி செய்தது. ஆள் அனுப்பிப் பேச, தரம் பார்க்க, அவசர அனுமதி தர அவர்களிடம் அமைப்பு இருந்தது. அதே தட்டுப்பாடு சின்ன நாட்டில் வந்தால் செய்தித்தாளில்கூட வராது.

இதற்குத் தீர்வு கூட்டுக் கொள்முதல்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் உலக சுகாதார அமைப்பும் 2021 டிசம்பரில் குழந்தைப் புற்றுநோய் மருந்துகளுக்கு ஒரு மேடையை அறிவித்தன, 20 கோடி டாலர் முதலீட்டில். 2025-ல் முதல் மருந்துகள் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போய்ச் சேர்ந்தன. சோதனைக் காலத்தில் இலவசம். பல நாடுகளின் தேவையை ஒன்றாகக் கூட்டினால்தான் தயாரிப்பாளர் திரும்பிப் பார்ப்பார், தரம் பார்த்த ஒரே இடத்திலிருந்து மருந்து வரும்.

இதில் கடினமான வேலை பணம் அல்ல. ஒவ்வொரு நாடும் அடுத்த வருடம் எத்தனை குழந்தைகளுக்கு, எந்த வகை நோய்க்கு, எத்தனை குப்பி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். புற்றுநோய்ப் பதிவேடே இல்லாத நாடு எதை வைத்துச் சொல்லும்? மருத்துவமனை வார்டுகளின் நோட்டுப் புத்தகங்களைத்தான் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

---

வெண்மதி:

இலவசக் காலம் முடிந்த பிறகு?

---

பழையமாத்திரை:

அந்தந்த அரசு தன் பட்ஜெட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய மருந்துகள் என்பதால் அது முடியாத தொகை இல்லை. எடுத்துக்கொள்வார்களா என்பது அரசியல்.

---

சட்டப்புத்தகம்:

கூட்டுக் கொள்முதலை நானும் ஆதரிக்கிறேன், ஆனால் அதன் எல்லையைச் சொல்ல வேண்டும். வின்கிரிஸ்டினைச் செய்யப் பல பேர் இருக்கிறார்கள், அதனால் கூட்டி வாங்கினால் விலையும் தரமும் படியும். பெம்ப்ரோலிசுமாப் போல ஒரே விற்பவர் இருக்கும் மருந்துக்கு நூறு நாடுகள் சேர்ந்து வரிசையில் நின்றாலும் எதிரில் இருப்பவர் ஒருவர்தான். தானாக முன்வந்து உரிமம் தரும் வழியும் மெதுவாகவே நகர்கிறது. நிறுவனங்களிடம் உரிமம் வாங்கி ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்குத் தரும் மருந்துக் காப்புரிமைக் குழுமத்துக்குக் கிடைத்த முதல் புற்றுநோய் மருந்து 2022-ல் நிலோட்டினிப், அதுவும் அதன் மூலக் காப்புரிமைக்கு அதிக ஆயுள் மிச்சமில்லாத நேரத்தில்.

அந்த இடத்தில் பேரத்துக்கு வேறு கருவி வேண்டும். தாய்லாந்து 2008 ஜனவரியில் டோசிடாக்செல், லெட்ரோசோல், எர்லோட்டினிப் மூன்றுக்கும் கட்டாய உரிமம் போட்டது. நான்காவதாக இமாட்டினிப்பும் இருந்தது. அதன் உரிமத்தில் மட்டும் ஒரு நிபந்தனை: நிறுவனம் பொதுச் சுகாதாரத் திட்ட நோயாளிகளுக்கு இலவசமாகத் தரும்வரை இது செயல்படாது. நிறுவனம் தந்தது. உரிமம் மேசையில் கிடந்தபடியே வேலை செய்தது.

ஆகவே வெண்மதி, உங்கள் முதல் பதிவில் 'பாதிக்கு மேல்' என்று எழுதியதை மருந்து வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை ரத்தப் புற்றுநோய்க்குப் பழையமாத்திரை சொல்வது. மார்பீனுக்கு இரவுப்பணி சொல்வது. புது நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு நீங்கள் சொன்னது அப்படியே நிற்கிறது.

---

எதிர்க்கட்சி:

அந்தக் கடைசி வரியை நான் இன்னும் ஏற்கவில்லை. தாய்லாந்து பிறகு அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் பல வருடம் இருந்ததையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சின்ன நாடு அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று நாளை எழுதுகிறேன்.